வேலை இல்லாதபோது ஆட்களைத் தவிர்ப்பது சுபாவமா?

வாசகர் ஒருவர், ஜனவரி 8

வேலை போய் ஏழு மாதங்கள் ஆகின்றன. முதல் இரண்டு மாதங்கள் விண்ணப்பம், அழைப்பு, நேர்காணல் என்று ஓடின. இப்போது கைபேசி அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது, பெரும்பாலும் எடுப்பதில்லை. பழைய சக ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஓசையில்லாமல் விலகிவிட்டேன். வீட்டில், "சும்மாதானே இருக்கிறாய், நாலு பேரைப் பார்த்துவிட்டு வரலாமே" என்கிறார்கள். நான் முதலிலிருந்தே ஒதுங்கிப் பழகியவன்; வேலை இருந்தவரை அது வெளியே தெரியவில்லை, இப்போது தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். ஆகவே இது வேலையின்மை கொண்டுவந்த தனிமை அல்ல, என் சுபாவம் என்பது என் முடிவு. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ஜனவரி 8, இரவு

மறுக்கிறேன். முதல் முறை பதினான்கு மாதங்கள் வேலையில்லாமல் இருந்தேன். இப்போது ஒப்பந்தம் முடிந்து இரண்டாம் முறையாக நான்காவது மாதத்தில் இருக்கிறேன். அனுபவத்தில் உங்களுக்கு மூத்தவன் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கிடைத்திருக்கும் ஒரே துறை இதுதான்.

முதல் முறையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வெளியே கிளம்புவதற்காகக் காலணியை மாட்டிக்கொண்டு கதவைத் திறக்கப் போனேன். மாடிவீட்டுத் தாழ்ப்பாள் விலகும் ஓசை கேட்டது. கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்துவிட்டு, விளக்கையும் அணைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் படியிறங்கி, தெருக்கதவு சாத்தப்படும்வரை மனதுக்குள் எண்ணினேன். நாற்பதுக்கு மேல் போயிற்று. அவர் நல்ல மனிதர். "இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்பார், அதுவும் அக்கறையோடு கேட்பார். அந்த அக்கறைதான் எனக்குப் பயமாக இருந்தது.

நாற்பது எண்ணிய பிறகு வெளியே போகவும் இல்லை. காலணியைக் கழற்றிவிட்டேன்.

இதைச் சுபாவம் என்று நான் அப்போது நினைத்தேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரம் அதே மனிதரிடம் படிக்கட்டில் நின்று கால்மணி நேரம் பேசினேன். சுபாவம் மூன்று வாரத்தில் மாறுமா?

ஜனவரி 10

நேற்று ஒருவர், "மனம் பலவீனமானவர்கள்தான் முதலில் வேலையை இழக்கிறார்கள், பிறகு வேலையின்மையின்மீது பழி போடுகிறார்கள்" என்று எழுதியிருந்தார். இது பழைய வாதம். இதற்குப் பதிலும் உண்டு. 300க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பகுப்பாய்வு ஒன்று 2009இல் வெளியானது. அதன்படி வேலையில் இருப்பவர்களில் சுமார் 16 விழுக்காட்டினருக்கு உளநலச் சிக்கல் இருந்தால், வேலையற்றவர்களில் அது 34 விழுக்காடு. அதைவிட முக்கியமானது, ஒரே ஆட்களைக் காலப்போக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் காட்டியது: வேலை போனதும் மனநிலை சரிகிறது, வேலை கிடைத்ததும் பெருமளவு நிமிர்கிறது. ஏற்கெனவே சோர்ந்திருப்பவர்கள் வேலையை இழக்கும் வாய்ப்பும் ஓரளவு கூடுதலாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் கதை முழுவதும் அதுவல்ல.

ஏழு மாதக்காரருக்கு நான் காட்ட விரும்புவது எண்களைவிடப் பழைய ஒன்று. வியன்னாவுக்கு அருகே மாரியந்தால் என்ற ஆலைக் கிராமம் இருந்தது. ஊர் முழுவதும் ஒரே நெசவாலையை நம்பியிருந்தது. 1929-30 வாக்கில் ஆலை மூடப்பட்டது. மரீ யஹோதா, பால் லசார்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோரின் குழு அங்கே போய்த் தங்கி ஆராய்ந்து, 1933இல் முடிவுகளை வெளியிட்டது. நேரம் அள்ளிக் கொட்டிக் கிடக்கும்போது மக்கள் என்ன செய்வார்கள்? நிறையப் படிப்பார்கள், கூடிப் பேசுவார்கள் என்றுதான் யாரும் நினைப்போம். அந்த ஊரின் தொழிலாளர் நூலகத்தில் கட்டணத்தையே எடுத்துவிட்டார்கள். அப்படியிருந்தும் 1929க்கும் 1931க்கும் இடையில் இரவல் போன புத்தகங்கள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தன. சங்கங்களுக்கு வருவோர் குறைந்தனர். தெருவில் நடப்பவர்களின் வேகத்தைக்கூட அளந்திருக்கிறார்கள். எங்கும் போகவேண்டிய அவசரம் இல்லாத ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், வழியில் பலமுறை நின்றார்கள். பெண்களுக்கு வீட்டுவேலை தீரவில்லை; அவர்கள் வேகமாகவே நடந்தார்கள்.

ஒரு கிராமமே ஒரே நேரத்தில் ஒதுங்கும் சுபாவத்தைப் பெற்றுக்கொண்டது என்று சொல்ல முடியாது அல்லவா?

யஹோதா பிற்காலத்தில் இதிலிருந்து ஒரு கருத்தை உருவாக்கினார். வேலை ஊதியத்தைத் தவிர, நாம் கேட்காமலே சில பொருள்களைத் தந்துகொண்டிருக்கிறது: நாளுக்கு ஒரு சட்டகம், வீட்டுக்கு வெளியே மனிதத் தொடர்பு, "நான் இன்னார்" என்று சொல்லிக்கொள்ள ஓர் அடையாளம், கைகளுக்கு ஒழுங்கான செயல். வேலை போகும்போது இந்த நான்கும் சேர்ந்து போகின்றன. சம்பளம் நின்றது மட்டும்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது.

ஜனவரி 10, சற்றுப் பிறகு

சட்டகம் என்றதும் நினைவு வந்தது. வேலை போன பிறகும் என் கைபேசியின் ஆறு பத்து அலாரத்தை நான் நீக்கவில்லை. ஐந்து மாதங்கள் அது தினமும் அடித்தது, நான் தினமும் அணைத்தேன். அந்த வீட்டில் ஒரு நாளும் விடுப்பு எடுக்காமல் பணிக்கு வந்தது அது ஒன்றுதான்.

ஜனவரி 13

"அட்டவணை போட்டுக்கொண்டால் எல்லாம் சரியாகும்" என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். நானும் போட்டேன். வண்ணப் பேனாக்களால் கட்டம் கட்டி, ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை நிரப்பிச் சுவரில் ஒட்டினேன். நான்கு நாள்கள் நடந்தது. ஐந்தாம் நாள் "ஒன்பது மணி: விண்ணப்பங்கள்" என்ற கட்டத்தைப் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்பின் சுவரில் இருந்த அந்தத் தாள், அலுவலகத்தில் எனக்கு இருந்த மேலாளரைவிட மோசமான மேலாளராகிவிட்டது. இவருக்கு விடுமுறையே கிடையாது, வீட்டுக்குள்ளேயே குடியிருந்தார்.

மாரியந்தாலில் ஆண்களிடம் ஒரு படிவம் கொடுத்து, அன்றைய நாளில் மணிக்கு மணி என்ன செய்தார்கள் என்று எழுதச் சொன்னார்கள். பலருக்கு எழுந்தது, சாப்பிட்டது, படுத்தது தவிர நினைவில் நின்றது மிகக் குறைவு. நான் சிரித்தேன், பிறகு நானே செய்து பார்த்தேன். இரவு உட்கார்ந்து அன்றைய நாளை எழுதினேன். பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை என்ன செய்தேன் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. தூங்கவில்லை என்பது மட்டும் உறுதி. படுக்கையின் ஓரத்தில், ஒரு காலுறையை மாட்டிக்கொண்டு, மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. அந்த இரண்டாவது காலுறையை எப்போது மாட்டினேன் என்று இன்றுவரை தெரியாது.

ஆகவே அட்டவணை வீண் என்று சொல்லவில்லை. வேறெதுவோ இல்லாமல் அது நிற்பதில்லை என்கிறேன். அந்த வேறெது என்னவென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஜனவரி 17

ஒரு திருத்தம். பத்தாம் தேதி நான்கு பொருள்கள் என்று எழுதியிருந்தேன். "யஹோதா சொன்னது ஐந்து" என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். அவர் சொல்வது சரி. நான் விட்டது பொதுநோக்கு: பலர் சேர்ந்து செய்யும் ஒன்றில் நமக்கும் ஒரு பங்கு இருப்பது, நாம் வராவிட்டால் யாருக்கோ ஒரு கை குறையும் என்பது.

மறந்ததைப் பற்றி இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். மற்ற நான்கும் எனக்கு என்ன கிடைத்தது என்பதைப் பற்றியவை, அதனால் நினைவில் நின்றன. ஐந்தாவது, நான் எதற்குத் தேவைப்பட்டேன் என்பதைப் பற்றியது. என் சுவர் அட்டவணை விழுந்ததற்கும் இதுதான் காரணம் என்று இப்போது படுகிறது. அந்த ஒன்பது மணிக் கட்டத்தில் நான் இல்லாமற்போனால் உலகில் ஒருவருக்கும் தெரியாது.

ஜனவரி 18

"அப்படியானால் தொண்டு செய்யப் போகலாமா?" என்று கேட்கிறார்கள். போகலாம், ஆனால் நான் போன இடத்தில் நடந்தது வேறு. சம்பளமில்லாமல் முழுநாள் வேலை வாங்கினார்கள், "உங்களுக்குத்தான் நேரம் இருக்கிறதே" என்றார்கள். இரண்டு வாரத்தில் முன்பைவிடச் சோர்ந்து திரும்பினேன். தேவைப்படுவது வேறு, பயன்படுத்தப்படுவது வேறு.

என்னைத் தூக்கி நிறுத்தியது மிகச் சிறிய ஒன்று. என்னோடு ஒரே நாளில் வேலையிழந்தவர் ஒருவர் இருந்தார். அலுவலகத்தில் அவரோடு பெரிய பழக்கம் இல்லை, எதிர் வரிசை மேசை, பார்த்தால் தலையசைப்போம். ஒருநாள் தற்செயலாகப் பேசியபோது, தினமும் காலை ஒன்பதுக்கு ஒருவரையொருவர் அழைப்பது என்று முடிவுசெய்தோம். விதிகள் இரண்டே. ஒன்று, நேற்று செய்த ஒரு காரியத்தையும் இன்று செய்யப்போகும் ஒரு காரியத்தையும் மட்டும் சொல்ல வேண்டும். இரண்டு, ஆறுதல் சொல்லக்கூடாது.

"நேற்று குழாய் சொட்டியதைச் சரிசெய்தேன். இன்று முடிவெட்டப் போகிறேன்." இதுதான் உரையாடல், பெரும்பாலும் மூன்று நிமிடங்கள். ஆனால் எட்டு ஐம்பதுக்கு நான் முகம் கழுவியிருப்பேன், ஏனென்றால் தூக்கக் குரலில் பேசினால் அவர் கண்டுபிடித்துவிடுவார். அவர் காத்திருக்கிறார் என்பதற்காக எழுந்தேன். அவர் என்னால் எழுகிறார் என்பது எனக்கு ஆறு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. முந்தையதைவிடப் பிந்தையதுதான் எனக்கு அதிகம் உதவியது என்று நினைக்கிறேன்.

மனச்சோர்வுச் சிகிச்சையில் இதற்கு உறவான முறை ஒன்று உண்டு. உற்சாகம் வரட்டும், பிறகு செய்கிறேன் என்று காத்திராமல், செய்யக்கூடிய சிறியதொன்றை முதலில் செய்வது; மனம் பின்னால் வரும். எங்கள் இருவருக்கும் அப்போது அது தெரியாது. சோம்பலுக்குப் பயந்து செய்தோம்.

ஜனவரி 25

ஏழு மாதக்காரர் கேட்டது: "யாராவது 'என்ன செய்கிறீர்கள்' என்றால் நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

முதலில் பொய் சொன்னேன். "சொந்தமாக ஒன்று தொடங்க ஆலோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்றேன். அடுத்தமுறை அவர் அந்தத் தொழிலைப் பற்றி விசாரித்தார்; அதற்கு இன்னொரு பொய் தேவைப்பட்டது. ஒரு கட்டத்தில் என் கற்பனைத் தொழிலுக்கு ஒரு கூட்டாளியும் வந்துவிட்டார். அந்தக் கூட்டாளியோடு சண்டைபோட்டுப் பிரிந்ததாகச் சொல்லித்தான் கடையை மூடினேன்.

பிறகு ஒரு வாக்கியத்தைத் தயார்செய்து கண்ணாடி முன்னால் சொல்லிப் பழகினேன்: "வேலை போய்விட்டது, கணக்குத் துறையில் தேடிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" மூன்று துண்டுகள். உண்மை, தேவை, திருப்பிக் கேள்வி. மூன்றாவது துண்டில்தான் சூட்சுமம் இருக்கிறது. மனிதர்கள் தங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டால் நம்மை மறந்துவிடுகிறார்கள். மாடிவீட்டுக்காரரிடம் சோதித்திருக்கலாம், அவருக்கு முழங்கால் வலி இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாது.

இரண்டாவது துண்டை வெட்கப்பட்டு விழுங்கவேண்டாம். மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் வெளியிட்ட கட்டுரையில், பாஸ்டன் புறநகர் ஒன்றில் தெரிந்தவர் மூலமாக வேலை பெற்றவர்களிடம் அந்தத் தெரிந்தவரை அக்காலத்தில் எவ்வளவு அடிக்கடி பார்த்தீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி பார்த்தவர்கள் 16.7 விழுக்காடு மட்டுமே. எப்போதாவது பார்த்தவர்கள் 55.6, அரிதாகப் பார்த்தவர்கள் 27.8. நெருங்கிய நண்பருக்குத் தெரிவது நமக்கும் தெரிந்திருக்கும்; தூரத்துப் பழக்கமுள்ளவர் வேறொரு வட்டத்தில் இருக்கிறார், அங்கிருந்து செய்தி வருகிறது. கதவுக்குப் பின்னால் நின்று நான் தவிர்த்தவர்கள் எல்லோரும் அந்த வகையினர்தான்.

ஜனவரி 26

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன், கொஞ்சம் கசக்கிறது. ஒவ்வொரு மனிதரையும் ஏணிப்படியாகப் பார்க்கச் சொன்னதுபோல் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் அதை அவர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள், நமக்கும் அருவருப்பாக இருக்கும். வேலை கேட்கிற அழைப்புகளைத் தனியாகவும், சும்மா பேசுகிற அழைப்புகளைத் தனியாகவும் வைத்துக்கொள்வது நல்லது.

சும்மா பேசுவதற்குத்தான் கை இன்னும் நடுங்குகிறது. பள்ளிக்கால நண்பனுக்கு "எப்படி இருக்கிறாய்" என்று தட்டச்சு செய்து, அழித்து, மீண்டும் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். நான் தட்டச்சு செய்வது அவன் பக்கம் தெரியும் என்பது பிறகுதான் உறைத்தது. பத்து நிமிடம் கழித்து அவனே, "என்னடா, நாவலா எழுதுகிறாய்?" என்று அனுப்பினான். எதிர்பாராமல் ஒருவர் நலம் விசாரித்தால் பெறுபவர் மகிழும் அளவை, விசாரிப்பவர் குறைவாகவே மதிப்பிடுகிறார் என்று 2022இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. நான் இன்னும் குறைவாக மதிப்பிட்டேன். தொந்தரவு என்றே நினைத்தேன்.

பிப்ரவரி 2

ஏழு மாதக்காரர் நேற்றிரவு எழுதியதைப் படித்தேன். மூன்று வாரமாக விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்கவில்லை, தான் ஒரு சுமை என்ற எண்ணம். இங்கே நான் வேடிக்கையாக எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுச் சொல்கிறேன்: இது ஒன்பது மணி அழைப்பால் தீர்கிற விஷயமாக எனக்குத் தெரியவில்லை.

பெரும்பாலான நாள்களில், நாளின் பெரும்பகுதி, இரண்டு வாரங்களுக்குமேல் மனம் தாழ்ந்தோ ஆர்வம் அற்றோ இருந்து, அதோடு தூக்கம், பசி, கவனம், தன்மதிப்பு ஆகியவையும் குலைந்திருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்; அதைச் சோர்வு நோயாக அவர்கள் பரிசோதிப்பார்கள், அதற்குப் பேச்சுச் சிகிச்சையும் மருந்தும் இருக்கின்றன. சுமை என்ற எண்ணம், இல்லாமற்போனால் நல்லது என்ற பக்கம் திரும்பினால் காத்திருக்கவே வேண்டாம். அன்றைக்கே அருகில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அவசர உதவியை நாடுங்கள்.

முதல் முறையில் பதினோராவது மாதம் நான் போனேன். "வேலை கிடைத்தால் சரியாகிவிடும், மருத்துவர் வேலையா வாங்கித் தரப்போகிறார்?" என்று தட்டிக்கழித்தே நான்கு மாதங்களைத் தொலைத்தேன். அவர் வேலை வாங்கித் தரவில்லை. தூக்கத்தைத் திருப்பித் தந்தார். நேர்காணலில் எதிரே இருப்பவர் கேட்ட கேள்வி என் காதில் விழ ஆரம்பித்தது அதன்பிறகுதான்.

பிப்ரவரி 9

நான் எல்லாவற்றையும் கடந்தவன்போல் எழுதுவதாக ஒருவர் குறைப்பட்டிருந்தார். இந்த வாரம் நடந்ததைக் கேளுங்கள். மூன்று சுற்று நேர்காணல் முடிந்து, ஏறக்குறைய உறுதி என்று நான் நினைத்திருந்த இடத்திலிருந்து மறுப்பு மின்னஞ்சல் வந்தது. என் பெயரைக்கூடத் தப்பாக எழுதியிருந்தார்கள். மூன்று நாள்கள் ஒன்பது மணி அழைப்பை நான் எடுக்கவில்லை. இவ்வளவு பக்கம் எழுதியவன், கைபேசியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு அது அதிர்ந்து நிற்கும்வரை காத்திருந்தேன்.

நான்காம் நாள் எடுத்தேன். "நேற்று?" என்றார். "ஒன்றுமில்லை" என்றேன். "இன்று?" என்றார். "இந்த அழைப்பை எடுத்தேன்" என்றேன். "அது இன்றைய கணக்கில் வரும்" என்று சொல்லி வைத்துவிட்டார். ஆறுதல் சொல்லக்கூடாது என்ற விதியை அவர் கடைசிவரை மீறவில்லை. அன்று மீறியிருந்தால் மறுநாளும் எடுத்திருக்கமாட்டேன்.

பிப்ரவரி 11

சிறு குறிப்பு. 1994இல் வெளியான ஆய்வொன்றில், வேலையிழந்த தொழில்வல்லுநர்களை ஐந்து நாள்கள், நாளுக்கு 20 நிமிடம், வேலை போனதைப் பற்றிய தங்கள் ஆழ்ந்த உணர்வுகளை எழுத வைத்தார்கள். அப்படி எழுதியவர்களுக்கு மற்றவர்களைவிட விரைவில் வேலை கிடைத்தது. சிறிய ஆய்வு, அதிகம் ஏற்றிச் சொல்லவேண்டாம். நானும் எழுதிப் பார்த்தேன். முதல் இரண்டு நாள்களும் பழைய மேலாளரைத் திட்டியே இருபது நிமிடம் போயிற்று. மூன்றாம் நாள் அவரிடம் திட்டுவதற்கு எதுவும் மிச்சமில்லை. அதன்பிறகு எழுதியதைக் கிழித்துவிட்டேன், ஏனென்றால் அது என்னைப் பற்றியது.

பிப்ரவரி 20

ஒன்பது மணிக்காரருக்கு வேலை கிடைத்துவிட்டது. வாழ்த்தினேன், மனதார வாழ்த்தினேன், வைத்ததும் கொஞ்சநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொறாமை இல்லை என்று எழுதத் தொடங்கி அழித்துவிட்டேன், இருந்தது. இப்போது எட்டு பத்துக்கு, வேலைக்கு நடந்துபோகும் வழியில் அழைக்கிறார். மூச்சு வாங்குகிறது, வண்டிச் சத்தத்தில் பாதி கேட்பதில்லை. "நேற்று பயிற்சி, இன்றும் பயிற்சி" என்கிறார். மாரியந்தால் பெண்களைப் போல வேகமாக நடக்கிறார்.

இன்னொன்று. ஏழு மாதக்காரர் பதினெட்டு நாள்களாக எதுவும் எழுதவில்லை. மருத்துவரைப் பார்த்தீர்களா என்று கேட்டு உங்களைக் கதவுக்குப் பின்னால் நிற்கவைக்க விரும்பவில்லை. நீண்ட பதில் வேண்டாம், நலம் என்று பொய்யும் வேண்டாம். இருக்கிறீர்கள் என்பதற்கு ஒரு புள்ளி வைத்தால் போதும்.

பிப்ரவரி 23

புள்ளி வந்துவிட்டது. இரண்டு புள்ளிகள். ஒன்று கைதவறி விழுந்ததாம்.